கரியலில் இருந்து பார்த்த முதுகு

என் கணவரின் முகத்தில் சிரிப்பு நின்றுபோனபோது, என்மேல்தான் கோபம் என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பார்க்கின்சன் நோய் முகத்துத் தசைகளையும் இறுக்கிவிடும், அது அன்பு குறைந்ததால் அல்ல என்று மட்டக்களப்பில் டாக்டர் சொன்ன பிறகே விளங்கியது. விளங்கினால் மட்டும் ஏக்கம் தீருமா?

மாத்திரை போட்டாலும் வாசற்படியில் அவர் கால் ஒட்டிக்கொள்ளும். தாண்டுவதற்கு ஒரு கோடு கண்ணில் பட்டால்தான் கால் எழும்பும்; நான் தரையில் சோக்கால் கீறிய கோட்டைத் தாண்டித்தான் வெளியே வருவார். ஆனால் சைக்கிளில் ஏறிவிட்டால் கால் தன்பாட்டில் மிதிக்கும். சிலருக்கு அப்படித்தான் என்றார் டாக்டர். “தனிய மட்டும் விடாதீங்க.” அதையே சாட்டாக வைத்து நான் பின்சில்லுக்கு மேலே இருக்கும் கரியலில் ஏறிக்கொண்டேன். ஏறச்சொல்லி அவர் சொல்லவில்லை. அது என் ஆசை.

பின்னேரம் வாவிக் கரையோரம் போய்த் திரும்பினோம். வீட்டு வாசல் வந்ததும், “இறங்குவமா?” என்று மெல்லிய குரலில் கேட்டார் கணவர்.

“வேணாம். இன்னொரு சுத்துப் போவம்.”

இறங்கினால் அந்த இறுகிய முகத்தைப் பார்க்க வேண்டும். கரியலில் இருந்தால் முதுகு மட்டும்தான் தெரியும். அது கல்யாணமான புதிதில் என்னை ஏற்றிக்கொண்டு போனவரின் முதுகு.