குடை அக்காவின் கன்னம்

தங்காக் ஊர்த் துணிக்கடை வரிசையில் வேலை செய்யும் பிரேமலாவைப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் குறைவு. "அந்தக் குடை அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போவதற்கும் குடையை விரித்துக்கொள்கிற ஆள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். "மகாராணி கறுத்துப் போயிடுவாங்களாம்!" என்று கூட வேலை செய்பவர்கள் ஓட்டுவார்கள். "ஆமா லா, மகாராணிதான்" என்று அவளும் சிரித்துவிட்டுப் போவாள். லூப்பஸ் என்றால் என்னவென்று விளக்கி அவர்கள் முகம் மாறுவதைப் பார்ப்பதைவிட, மகாராணியாக இருந்து தொலைப்பது எவ்வளவோ மேல்.

நோயை விரட்ட வேண்டிய உடம்பின் சக்தி வழி தப்பி உடம்பையே தாக்குகிற நோய் அது. வெயில் பட்டால் பிரேமலாவுக்கு மூக்கின் இரு பக்கமும் சிவந்து தடித்துவிடும், மூட்டுக்கு மூட்டு வலிக்கும். மாத்திரையில் அடங்கினாலும் கன்னத்தில் கறை நின்றுவிடும். நோய் வந்த பிறகு அவளைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. விஷயம் தெரிந்ததும் இரண்டும் வந்த வழியே போய்விட்டன. அதோடு அம்மா தனலெட்சுமி எல்லார் வாயையும் தைத்துவிட்டாள்.

"சின்னவ கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் இந்த வீட்டுல அந்த நோய் பேரே வரக்கூடாது. குடும்பத்து நோய்னு கதை கட்டிருவாங்க."

பிரேமலா ஒரு படி மேலே போய், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று தங்கை லோஷினியிடம் சத்தியமே வாங்கினாள்.

லோஷினிக்கு யுகேந்திரன் அமைந்தான், சிம்பாங் ரெங்கம் ஊர்ப் பையன். கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் அவன் அக்கா ஷர்மினி வீட்டுக்கு வந்தாள். மூவாரில் அழகு நிலையம் நடத்துகிறவள், கலகலப்பான பெண்.

"பொண்ணு வீட்டுக்காரங்க எல்லாருக்கும் நானே முகத்துக்கு ஃபேஷியல் பண்ணி விடறேன். பிரேமலாக்காவுக்கு அந்தக் கறையை மெஷின்ல லைட் அடிச்சு எடுத்துரலாம். ஆல்பத்துல பளிச்சுன்னு இருப்பாங்க!"

சம்பந்தி வீட்டிலிருந்து வருகிற சீரை வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? சொன்னால் ஏன் என்பார்கள். தனலெட்சுமிக்கோ பெருமை தாங்கவில்லை. "வெளிச்சம்தானடி, கத்தியா வைக்கப் போறாங்க?" என்றாள். அந்த வெளிச்சத்துக்குப் பயந்துதானே குடை பிடிக்கிறேன் என்று பிரேமலாவுக்குத் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

முகத்துக்கு எதைச் செய்வதானாலும் முதலில் தன்னைக் கேட்கச் சொல்லியிருந்தார் ஆஸ்பத்திரி டாக்டர். பிரேமலா கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றால் ஷர்மினியிடம் என்ன சாக்குச் சொல்வது? அந்த வாரம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கண்ணாடி முன்னால் நின்றாள், நகர்ந்தாள், மறுபடி வந்து நின்றாள். கடையில் ரவிக்கைத் துணியைத் தப்பாகக் கிழித்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை லோஷினி அவளை மூவாரில் இறக்கிவிட்டு, தையற்கடைக்குப் போய்விட்டாள்.

ஷர்மினி கேட்க வேண்டியதை எல்லாம் ஒழுங்காகத்தான் கேட்டாள்.

"வெயில் ஒத்துக்குமா அக்கா? மருந்து ஏதும் சாப்பிடறீங்களா?"

"ஒண்ணும் இல்ல."

"இந்தக் கறை எப்படி வந்துச்சு?"

"அலர்ஜி."

பொய் வழுக்கிக்கொண்டு வந்தது. ஷர்மினி அவளைப் படுக்கவைத்துக் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினாள். கன்னத்தில் ஜெல் சில்லென்று பரவியது. இயந்திரம் உறுமத் தொடங்கியது.

"முதல்ல காது பக்கம் சின்னதா ஒண்ணு. பயப்படாதீங்க."

இருட்டுக்குள் பிரேமலாவின் மனம் தறிகெட்டு ஓடியது. நோய் கிளம்பினால்? முகத்தோடு நிற்குமா, சிறுநீரகத்துக்குப் போகுமா? தங்கை தாலி கட்டிக்கொள்ளும்போது இவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பாளா? உண்மையைச் சொன்னால் அந்தத் தாலியே இல்லாமல் போய்விடுமா? ஷர்மினியின் விரல் காதருகே தோலை இழுத்துப் பிடித்தது.

"நிறுத்துங்க! எனக்கு லூப்பஸ்."

உறுமல் நின்றது. ஷர்மினி அவள் கண்ணாடியைக் கழற்றினாள்.

"அலமாக், ஐயோ அக்கா! இதையா மறைப்பீங்க? லைட்டு பட்டு நோய் கிளம்பியிருந்தா நான் என்ன பண்ணுவேன்? நோய் நல்லா அடங்கியிருக்கணும், உங்க டாக்டரும் தோல் டாக்டரும் பார்த்துட்டு சரின்னு சொல்லணும். செஞ்சாலும் அவங்ககிட்டதான் செய்யணும். என் கடையில தொடவே மாட்டேன்."

ஜெல்லை அழுத்தித் துடைத்துவிட்டாள். பிறகு குரல் தணிந்தது.

"எங்க வீட்டுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. என் தங்கச்சிக்கு ஒண்ணும் இல்ல ஷர்மினி. வேணும்னா அவளை டெஸ்ட்கூட பண்ணிப் பார்த்துக்கோங்க."

சொன்ன மறுகணம் பிரேமலாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கடையில் சேலையை விரித்து, கறை இருக்கிறதா பார்த்துக்கோங்க என்று காட்டுகிற மாதிரியா தங்கையைக் காட்டுவது! ஷர்மினி போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

லோஷினி திரும்பி வந்து காரில் ஏற்றியதும் பிரேமலா உடைந்துவிட்டாள்.

"உன் வாழ்க்கையைக் கெடுத்துட்டேன்டி. ஷர்மினிகிட்ட சொல்லிட்டேன்."

நடந்ததைக் கேட்ட லோஷினி காரை ஓரங்கட்டினாள்.

"லைட் அடிக்கவா வந்தே? சும்மா ஃபேஷியல்னுதானே அம்மா சொன்னாங்க?" என்ஜினை அணைத்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, அவருக்கு, யுகேந்திரனுக்கு, முன்னாடியே தெரியும். பழக ஆரம்பிச்சப்பவே சொல்லிட்டேன். அதனால என்னன்னு கேட்டாரு."

"அடிப்பாவி! என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சத்தியம் வாங்கினியே. உடைச்சுட்டேன்னு எப்படிச் சொல்றது?"

பிரேமலா அவள் தோளில் ஒன்று வைத்தாள். வைத்த கையாலேயே அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அவங்க அம்மா அப்பா என்ன சொல்வாங்களோ..."

"அவர் பேசுவாரு. இல்லாட்டி நான் பேசறேன். நீ மூஞ்சியைப் பொசுக்கிக்கிட்டு நடக்கிற கல்யாணம் எனக்கு வேணாம்."

பிரேமலாவின் போன் அடித்தது. அம்மா.

"என்னம்மா, முடிஞ்சுதா? கன்னம் பளிச்சுன்னு ஆயிருச்சா?"

பிரேமலா கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஜெல் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

"இல்லம்மா. எனக்கு லூப்பஸ்னு சொல்லிட்டேன்."

அம்மா பேசட்டும் என்று பிரேமலா போனைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள்.