எல்லோருக்கும் நன்றி சொன்ன பக்கம்

ரங்கநாத் பெங்களூருக்கு பஸ் ஏறியது 2002 ஜூன் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. வீராசாமியின் பட்டுக் கடைக்கு இணையதளம் செய்து கொடுத்தவன் அவன்தான். கிளம்பும்போது கிரேஸின் கையில் கடவுச்சொல் எழுதிய துண்டுச் சீட்டைத் திணித்தான். "அது பாட்டுக்கு ஓடும், நீ தொடவே வேணாம்." செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து பில் அடித்துக்கொண்டிருந்த கிரேஸ், அன்று முதல் இணையதளத்துக்கும் பொறுப்பாளி.

ஆகஸ்டில் சிங்கப்பூரிலிருந்து நாமகிரி என்ற அம்மாள் நேரில் வந்து நின்றார். "அரக்குல ஒன்பது கெஜம் கூறைப்புடவை வேணும்னு ஜூன் கடைசியிலயே உங்க இணையதளத்துல எழுதினேனே. 'நன்றி, கிடைத்தது'ன்னு வந்துதே. பொண்ணுக்கு இன்னும் பத்து நாள்ல கல்யாணம்."

நெய்யவே ஒரு மாதமாகும். நாமகிரி பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடும்மா," என்றார் வீராசாமி. "இல்லன்னா கம்ப்யூட்டரை மூட்டை கட்டிடலாம். நீயும் வேற எடம் பாத்துக்க."

யாராவது படிவத்தை நிரப்பினால், அமெரிக்காவில் இருந்த சர்வரில் ரங்கநாத்தின் நிரல் ஆர்டருக்கு ஒரு கோப்பு எழுத வேண்டும். கிரேஸ் முதலில் எழுதும் அனுமதியைச் சந்தேகப்பட்டாள். அது சரியாகவே இருந்தது. அடுத்து ஃபோல்டரின் பாதை. அதுவும் சரி. கோப்புகளும் தேதிவாரியாக அழகாக நின்றன. அளவைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஜூன் பத்துக்குப் பிறகு வந்த பதினேழும் பூஜ்யம். பெயர் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. 'வணக்கம்' என்று தானே ஒரு கோப்பு தட்டி அனுப்பிப் பார்த்தாள். அதுவும் பூஜ்யமாகப் போய் உட்கார்ந்தது. ஆக, சர்வரில் கடைக்கு ஒதுக்கிய இருபது எம்பி, அதாவது இருபது மெகாபைட் இடமும் நிரம்பிவிட்டது.

ஜூன் பத்தாம் தேதி கடையின் வெள்ளிவிழாப் படங்களை ஏற்றச் சொன்னவர் வீராசாமி. ஏற்றியவள் கிரேஸ். நாற்பதாவது படம் பாதியில் நின்றிருந்தது.

"இருபது எம்பியிலயும் நீங்களே உக்காந்துக்கினு இருக்கீங்க, சார்."

"நல்லா விழுந்திருக்குதேம்மா எல்லாம்."

"ஒண்ணு வச்சிக்கலாம்."

"ரெண்டு."

படங்கள் போயின. கோப்புகள் நிரம்பத் தொடங்கின. கிரேஸுக்கு அது போதவில்லை. எழுத முடியாதபோதும் நிரல் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறது. பட்டுக் கடையில் பிறந்த நிரல் அல்லவா. கேட்ட நிறம் இல்லாவிட்டாலும் "இருக்குது, உக்காருங்கம்மா" என்று நூறு புடவையைப் பிரித்துப் போடுவதுதான் அங்கே வழக்கம். அவள் அதை மாற்றினாள். பதிந்ததா என்று பார்த்த பிறகே நன்றி. பதியாவிட்டால், பதியவில்லை என்றே சொல்லி, கடையின் ஃபோன் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுக்கும்.

வீராசாமி திரையைப் படித்தார். "வர்றவங்ககிட்ட இல்லன்னு சொல்றதா? நம்ம கடையிலயா?"

"அந்தம்மாகிட்ட இதச் சொல்லியிருந்தா அன்னிக்கே ஃபோன் பண்ணியிருப்பாங்க சார். இத எடுக்கச் சொன்னா, திங்கக்கிழமையிலேர்ந்து நான் வரல."

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "சரி, இருந்துட்டுப் போவட்டும். எழுத்தை மட்டும் சின்னதா போடும்மா."

2004 ஜனவரியில் சர்வர்க்காரர்கள் எதையோ மாற்றப்போய், கோப்பு எழுதுவது மறுபடி நின்றது. கிரேஸ் அதைக் கவனிக்கும் முன்பே டொரோன்டோவிலிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது: "என் ஆர்டர் பதியவில்லை என்று சொல்லி உங்கள் பக்கம் இந்த முகவரியைக் கொடுத்தது. மே மாதம் கல்யாணம். மாம்பழ மஞ்சளில் பச்சை பார்டர், மூன்று புடவை. இதுவாவது கிடைத்ததா?"