கடலோடு போன ஜாமீன் ரசீது

என்னைப் போல ஒரு மடையனை இராமநாதபுரம் ஜில்லா முழுக்கத் தேடினாலும் கிடைக்க மாட்டான்.

வரப்புத் தகராறில் பக்கத்து வயல்காரர் மண்டையை உடைத்ததாக என்மேல் கேஸ். அக்காள் புருஷன்தான் தன் உழவு மாடுகளை அடகு வைத்து, கோர்ட்டில் ஜாமீன் தொகை கட்டி என்னை வெளியே எடுத்தார். விடுதலையானதும், பணத்தைத் திரும்ப வாங்கி வரும்படி ரசீதை என்னிடம் கொடுத்தார். நானோ முதலில் ராமேஸ்வரம் போனேன். பீடை ஒழியட்டும் என்று, கேஸுக்குப் போட்டுப்போன சட்டையோடு கடலில் மூழ்கி, வழக்கப்படி அதை அங்கேயே விட்டுக் கரையேறினேன். ரசீது சட்டைப்பையில் இருந்தது.

மறுநாள் கோர்ட்டு குமாஸ்தா, "ரசீது எங்கய்யா?" என்றார்.

"கடல்ல இருக்குங்க."

"அப்ப கடல்கிட்டயே பணத்தை வாங்கிக்க. இல்லாட்டி, கட்டுன ஆளைக் கூட்டியாந்து மனுப் போடு."

அந்த ஆளிடம் சொல்லத்தான் பயம். ஆபீஸ் லீவு, ஜட்ஜ் துரை கேம்ப் என்று ஒரு மாதம் பொய் சொன்னேன். வீட்டில் இருக்கவும் முடியவில்லை, ஓடவும் வழியில்லை. ஜெயிலே தேவலை என்று தோன்றியது.

மழை பெய்தது. ஊரே ஏர் பூட்டியது. மச்சான் மட்டும் நுகத்தடியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலில் தனியே நின்றார். அதற்கு மேல் பொய் வரவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நான்தான் பேச்சைத் தொடர்ந்தேன்.

"நாளைக்கே போயி மனுப் போடுவோம் மச்சான். மாடு வார வரைக்கும் உழவுக்கு என்ன செய்வீங்க?"

நுகத்தடியை இறக்கி, என் தோளுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நீ இருக்கேல்ல."