பாரிவாக்கத்துக்கு வந்த வெள்ளைக் கார்

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தாளுக்கு ஒரு சூடு உண்டு. கன்னத்தில் வைத்தால் இதமாக இருக்கும். மண்ணூர்பேட்டை ஜெராக்ஸ் கடையில் என் பி.காம் சர்டிபிகேட்டை நகல் எடுத்த அன்று நான் அப்படித்தான் வைத்துப் பார்த்தேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்...

பதினெட்டு வருடம் இருக்கும். படிப்பு முடிந்து எட்டு மாதமாக வீட்டில் இருந்தேன். அப்பாவுக்குப் பாடியில் ஒரு ஃபேக்டரியில் லேத் வேலை. "பொண்ணுக்கு வேலை கெடச்சுதா?" என்று தெருவில் யாராவது கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவரே "வரும், வரும்" என்று சொல்லிவிடுவார். அந்த "வரும், வரும்" எனக்குள் முள் மாதிரி குத்தும்.

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட வேலை வெப்சைட்டில் எல்லாம் பெயரைப் பதிந்து வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை செல்லுக்கு அழைப்பு வந்தது.

ஏர்போர்ட்டில் வேலையாம். என்னை ஏற்கெனவே செலக்ட் செய்துவிட்டார்களாம். சனிக்கிழமை காலை பாரிவாக்கத்தில் இன்டர்வியூ, அதுவும் பேருக்குத்தானாம். ஒரிஜினல் சர்டிபிகேட் கட்டாயம். கூட யாரும் வரக்கூடாது.

"கம்பெனி ரூல்ஸ் மேடம்."

மேடம்! என்னை முதன்முதலாக மேடம் என்று கூப்பிட்டது அந்தக் குரல்தான். பாதி மயக்கம் அதிலேயே வந்துவிட்டது.

பக்கத்துத் தெரு ஸ்டெல்லாவிடம் ஓடினேன். பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவள் கேட்ட முதல் கேள்வி...

"ஏர்போர்ட்டு மீனம்பாக்கத்துல கீது. இன்டர்வியூ இன்னாத்துக்குடி பாரிவாக்கத்துல?"

எனக்குக் கோபம் வந்தது. பொறாமை என்றுகூட நினைத்தேன். அவளோ விடவில்லை. "போவாதன்னு சொல்லல. ஒரிஜினல ஊட்ல வை, ஜெராக்ஸ் எட்துக்கோ. நானும் வர்றேன்" என்றாள். சொன்னபடி சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தாள். வீட்டில், காலேஜ் தோழிகள் எல்லோரும் சேர்ந்து போகிறோம் என்று பொய் சொன்னேன்.

பூந்தமல்லிவரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. இறங்கிய இடத்தில் ஆபீஸ் எதுவும் இல்லை. பிளாட் பிரித்து நட்ட கற்கள், பாதி கட்டிய ஒரு வீடு, ஒரு டீக்கடை. கடையிலிருந்த அக்காவிடம் விசாரித்தோம்.

"ஆபீஸா? இங்க ஏதுமா ஆபீஸு? காலைலேர்ந்து நீங்க ரெண்டாவது ஆளு கேக்குறீங்க."

அந்த நம்பருக்கு அடித்தேன். "அங்கேயே நில்லுங்க மேடம், கார் வருது" என்றது குரல். கொஞ்சம் இடைவெளி விட்டு, "தனியாத்தானே வந்திருக்கீங்க?" என்றது.

செல்லை ஸ்டெல்லாவின் காதுப் பக்கம் சாய்த்தேன். ஆமாம் என்று சொல்லும்படி அவள் வேகமாகத் தலையாட்டிக் காட்டினாள். "ஆமா சார்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரண்டு பேரும் டீக்கடைக்குள் போய் நின்றுகொண்டோம்.

பத்து நிமிடத்தில் ஒரு வெள்ளைக் கார் வந்தது. உள்ளே இரண்டு ஆண்கள். எதிரே பஸ் ஸ்டாப் நிழலிலிருந்து ஒரு பெண் எழுந்து காரை நோக்கி நடந்தாள். என் வயதுதான். நெஞ்சோடு அணைத்த ஃபைல். முன் ஜன்னலில் குனிந்து பேசி, ஃபைலை உள்ளே நீட்டினாள். பின்கதவு திறந்தது.

ஸ்டெல்லா ஓடினாள். "ஏய்! உன்ன எங்கெல்லாம் தேட்றது? நைனா பின்னாலயே வந்துகினு இருக்காரு!" என்று கத்திக்கொண்டே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரும்மா நீ?" என்றான் காரிலிருந்தவன்.

"இவ அக்கா. ஆபீஸ் எங்க கீது சொல்லு, நாங்களே கூட்டிகினு வர்றோம்."

அவன் ஸ்டெல்லாவை ஏற இறங்கப் பார்த்தான். ஃபைல் அவன் மடியில் கிடந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஜன்னலுக்குள் கையை விட்டு அதைப் பிடுங்கிவிட்டேன். டீக்கடை அக்காவும் "இன்னாடா அங்க?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கதவைச் சாத்தக்கூட நேரமில்லாமல் கார் கிளம்பிப் போனது.

அந்தப் பெண் எங்களுக்கு நன்றி சொல்லவில்லை. "என் வேலைய கெடுத்துட்டீங்களே" என்று அழுதாள். அவள் பெயர் ரேவதி, ஆவடி. அவளுடைய செல்லிலிருந்தே அந்த நம்பருக்கு அடிக்கச் சொன்னோம். சுவிட்ச் ஆஃப். மறுபடி அடித்தாள், மறுபடியும்... அப்புறம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஃபைலைத் திறந்து, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மூன்று பேரும் போலீஸ் ஸ்டேஷன் போய் எழுதிக் கொடுத்தோம். காரில் வந்தவர்கள் யார், எங்கே கூட்டிப்போக இருந்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. வீட்டில் உண்மையைச் சொன்னேன்.  அப்பா, "அந்தப் பொண்ணு ஊடு போய்ச் சேந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த வருடம் எஸ்டேட்டிலேயே ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. இன்று அங்கேயே ஹெச்.ஆர் பிரிவில் இருக்கிறேன். இன்டர்வியூ கடிதங்களை எழுதுவதே நான்தான். முழு முகவரியும் ஆபீஸ் லேண்ட்லைன் நம்பரும் போட்டு, "துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம்" என்று ஒரு வரியும் சேர்ப்பேன். மேலதிகாரிகளுக்கு அந்த வரி வேடிக்கையாக இருந்தது. நான் எடுக்கவில்லை.

ரிசப்ஷனில் அப்பாக்கள், அண்ணன்கள், தோழிகள் எல்லாம் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். இன்டர்வியூ முடிந்து கதவு திறந்ததும் அந்த வரிசையில் ஒருவர் மட்டும் சட்டென்று எழுந்து நிற்பார். "இன்னாச்சு?"

இப்போது முக்கால்வாசி இன்டர்வியூ வீடியோவில்தான். பிள்ளைகளும் உஷார், கம்பெனி நிஜமா பொய்யா என்று இரண்டு நிமிடத்தில் போனிலேயே தேடிப் பார்த்துவிடுகிறார்கள். நல்லதுதான். யாரும் யாருக்காகவும் லீவு போட வேண்டியதில்லை.

பேசி முடித்ததும் "தேங்க் யூ மேம்" என்கிறார்கள். திரை அணைந்துவிடுகிறது. அந்தப் பக்கம் அவர்களுக்காக யாராவது எழுந்து நிற்கிறார்களா... தெரிவதில்லை.