பாம்புக்காதர் கேட்ட இரண்டு சிடி பிளேயர்கள்

அந்த மனிதருக்கு நண்பர்கள் வைத்த பெயர் பாம்புக்காதர். பாம்புக்கு இருப்பதுபோல அத்தனை கூர்மையான காது என்று யாரோ விளையாட்டாகச் சொன்னதை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டு, அன்றிலிருந்து தலையைச் சற்றே சாய்த்து நடக்கத் தொடங்கினார்.

உத்தியோகத்தில் அவர் எடை அளவை ஆய்வாளர். காய்கறிக் கடைத் தராசில் பத்து கிராம் குறைந்தால் போதும். தட்டைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருக்கும் மெழுகுத் துணுக்கைச் சுரண்டி எடுத்து, விற்பவளின் மூக்குக்கு நேரே நீட்டுவார். "இது என்னம்மா, தானா முளைச்சுதா?" என்பார். அவள் கையெடுத்துக் கும்பிட்டாலும் விடமாட்டார். ஊரிலுள்ள தராசுகளையெல்லாம் சந்தேகப்பட்ட அந்தப் புண்ணியவான், தன்னுடைய இரண்டு காதுகளை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை.

வீட்டில் இரண்டே அறைகள். ஒன்றில் அவரும் மனைவியும். மற்றது மகளுடையது. மகளுக்குக் கல்யாணமான மறுவாரமே அவளுடைய கட்டிலைக் கழற்றிப் பரணில் ஏற்றினார். பாட்டு எதிரொலிக்காமல் இருக்க, சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டினார். கதவோரங்களில் ரப்பர் பட்டை வைத்தார். நடுவில் தனக்கு ஒரு நாற்காலி, எதிரே கருங்கல் பலகையின் மேல் சிடி பிளேயர். பெருக்கும்போது நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்துவிட்டால் மனைவிக்கு அன்று முழுக்க அர்ச்சனைதான்.

ஞாயிறுதோறும் அந்த அறைக்கு ஒரு பல் டாக்டர் வருவார். நல்ல மனிதர், ஆனால் எதிராளி என்ன சொன்னாலும் தலையாட்டுகிறவர். "டாக்டர், இந்த வயலின் வில்லுல தடவின பிசின் வாசனை வருது, கவனிச்சீங்களா?" என்று பாம்புக்காதர் கேட்பார். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு, "வருது சார்" என்பார். ஒருவர் பொய்க்கு இன்னொருவர் சாட்சி. இதற்குப் பெயர் இசை ரசனை. பாடியவள் என்ன பாடினாள், எதை நினைத்து உருகினாள் என்று அந்த அறையில் ஒரு தடவைகூடப் பேச்சு வந்ததில்லை.

இப்படியிருக்கையில்தான் மகள் வந்து சேர்ந்தாள். ஏழாம் மாதம். நடுவில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, பிள்ளை பிழைத்ததே பெரிய காரியம் என்றாகிவிட்டது. பிரசவம் வரை படுக்கையை விட்டு எழக்கூடாது என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். கணவன் கப்பலில் வேலை. அவள் குடியிருந்ததோ லிப்ட் இல்லாத ஐந்தாம் மாடி. வேறு எங்கே போவாள்? பெற்றவர்களிடம் வந்தாள்.

அவளுக்குக் கிடைத்த இடம் கூடத்து சோபா. காலை நீட்டினால் பாதம் வெளியே தொங்கும். வாசலுக்குப் போகிறவர், சமையலறைக்குப் போகிறவர் எல்லோரும் அவள் தலைமாட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பாம்புக்காதர் பாட்டுக் கேட்கும் நேரத்தில் கூடத்து மின்விசிறி ஓடக்கூடாது. அது ஓடினால் மின்சாரம் அழுக்காகிறதாம், அழுக்கு மின்சாரம் பாட்டில் கலந்துவிடுகிறதாம். வயிற்றுப்பிள்ளைக்காரி வார இதழைப் பிரித்து விசிறிக்கொண்டு கிடந்தாள்.

மனைவி நான்கு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"ஏங்க, பொண்ணை அந்த ரூம்ல படுக்க வைக்கலாங்க."

"கட்டில் உள்ள வந்தா ரூமோட குணமே மாறிடும்."

"சரி, நம்ம கட்டில்ல அவ என்கூடப் படுக்கட்டும். நீங்க சோபாவுல..."

"என் முதுகு என்ன ஆகும்? புது பிளேயர் வேற வந்திருக்கு. அது முந்நூறு மணி நேரம் ஓடிப் பழகணும். அதுவரைக்கும் பொறுத்துக்க."

"அப்படியே உங்க பேரப்பிள்ளைக்கும் சொல்லி வைக்கிறேன். தாத்தாவோட மிஷின் பழகற வரைக்கும் அசையாம இருன்னு."

அவர் எழுந்து அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த ஞாயிறு மத்தியானம் டாக்டர் வந்தார். கருங்கல் பலகையில் பழைய பிளேயரும், கடைக்காரர் பார்க்கக் கொடுத்திருந்த புது பிளேயரும் மாப்பிள்ளையும் பெண்ணும் போலப் பக்கத்தில் பக்கத்தில் வீற்றிருந்தன. மனைவி டீ கொண்டுபோனபோது பாம்புக்காதர் முழங்கிக்கொண்டிருந்தார்.

"பழசு கோணிப்பை டாக்டர், புதுசு பட்டு. என் கண்ணைக் கட்டிவிட்டாலும் எது எதுன்னு சொல்லிடுவேன்."

மனைவி தட்டைக் கீழே வைத்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"கட்டிக்கங்க."

"என்ன?"

"சரியா சொல்லிட்டீங்கன்னா இந்த ரூமைப் பத்தி இனிமே நான் வாயே திறக்கல. தப்பா சொன்னா ரூம் என் பொண்ணுக்கு. டாக்டர் சாட்சி."

டாக்டர் வழக்கம்போலத் தலையாட்டினார். மகள் படுக்க இடமில்லாமல் தவிப்பதைப் பந்தயமாக்குகிறோமே என்று எந்தத் தகப்பனுக்கும் நெஞ்சு சுருக்கென்று குத்தியிருக்கும். இவர் துண்டை வாங்கி, மடிப்புக் கலையாமல் கண்ணில் கட்டிக்கொண்டார்.

ஏற்பாடு சுலபமானது. ஒரே பாட்டின் இரண்டு சிடிகள், பிளேயருக்கு ஒன்றாக ஒரே நேரத்தில் ஓடும். இரண்டும் ஒரே ஆம்ப்ளிபயரில் இணைக்கப்பட்டிருந்தன. ரிமோட்டில் ஒன்றை அழுத்தினால் பழசு பாடும், இரண்டை அழுத்தினால் புதுசு பாடும். ஆம்ப்ளிபயரின் முகப்பிலிருந்த சின்ன ஜன்னலில் எண் தெரியாதா என்று கேட்டால், தெரியாது. அந்த வெளிச்சம் சத்தத்தைக் கெடுக்கிறது என்று அன்று காலையில்தான் அவர் அதன் மேல் கறுப்பு டேப்பை இழுத்து ஒட்டியிருந்தார்.

மனைவி அழுத்த வேண்டும், அழுத்தியதைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு தடவை. பாட்டு தொடங்கியது. அவள் முதல் தடவை அழுத்தினாள்.

"இது பழசு. கதவிடுக்குல விரல் மாட்டின மாதிரி பாடுறா."

மறுபடி அழுத்தினாள்.

"ஆ, இது புதுசு. அவ உதட்டை ஈரம் பண்ணிக்கிறதுகூடத் தெரியுது. பார்த்தீங்களா டாக்டர்?"

"தெரியுது சார்."

ஆறு தடவையும் இப்படியே. தாளை ஒப்பிட்டபோது ஆறில் ஐந்து சரியாக இருந்தது. டாக்டர் கைதட்டினார். பாம்புக்காதர் துண்டை அவிழ்த்து மனைவியின் தோளிலேயே போட்டார்.

"பேச்சு பேச்சா இருக்கணும்."

"இருக்கும்" என்றாள் அவள். கண் நிறைந்துவிட்டது. தன் வாயாலேயே மகளின் இடத்தைப் பறிகொடுத்துவிட்டோமே என்று நொந்துகொண்டாள். டீத்தட்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடத்திலிருந்து மகளின் குரல் வந்தது. "அம்மா, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லும்மா. அதிர அதிர வயிறு இறுகிக்கிட்டே இருக்கு."

தாய் தட்டைக் கீழே வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்தாள். சத்தத்தைக் குறைக்கும் பொத்தானை அழுத்தினாள். குறையவில்லை. இன்னொரு தடவை அழுத்தினாள்.

"குறைய மாட்டேங்குதே."

"உனக்கு எதுதான் ஒழுங்கா வந்திருக்கு? அழுத்தி அமுக்கு" என்றார் அவர்.

டாக்டர் வாங்கி அமுக்கினார். குறையவில்லை. ஒன்றை அமுக்கினார், இரண்டை அமுக்கினார். பாட்டு அதுபாட்டுக்கு ஓடிற்று. சிறு பொந்துகளுக்குள் எட்டிப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர் ஆயிற்றே. மண்டியிட்டு, ஆம்ப்ளிபயரின் முகத்துக்கு நேரே குனிந்து, டேப்பை நகத்தால் உரித்தார். உள்ளே 'ஒன்று' என்ற எண் பச்சையாக ஒளிர்ந்தது. இப்போது ரிமோட்டை நீட்டிக் குறைத்தார். சத்தம் பெட்டிப்பாம்பாக அடங்கியது.

"சார், ரிமோட்டுக்கான கண்ணும் இந்த ஜன்னலுக்குள்ளதான் இருக்கு. நீங்க அதை மூடிட்டீங்க."

"அதனால?"

"அதனால அக்கா அழுத்தினது எதுவுமே உள்ள போகல. ஆறு தடவையும் பழசுதான் பாடியிருக்கு. அஞ்சு பொருந்தினது குருட்டாம்போக்கு."

எத்தனையோ ஏழைகளின் தராசைக் கவிழ்த்துப் பார்த்த மனிதர், நெஞ்சறிந்து இப்படிச் சொன்னார்:

"புதுசு பக்கத்துல இருந்ததால, பழசும் நடுநடுவுல நல்லா பாடியிருக்கு."

பல் டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளாக ஆடிய தலை, அன்றைக்குத்தான் ஆடாமல் நின்றது.

மனைவி சிரிக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகினாள். "டாக்டர், பரண்ல கட்டில் இருக்கு. ஒரு கை பிடிங்க."

அரை மணி நேரத்தில் இரண்டு பிளேயரும் ஸ்பீக்கர்களும் நாற்காலியும் கூடத்தின் மூலைக்குப் போயின. கட்டில் பூட்டப்பட்டது. தாய் மகளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து படுக்க வைத்தாள். பல நாள் கழித்துக் காலை முழுசாக நீட்டியதில் அந்தப் பெண்ணின் முகமே தெளிந்துவிட்டது. பாம்புக்காதர் வாசற்படியில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பஞ்சுல மட்டும் எண்ணெய்த் தலையைச் சாய்ச்சுடாதம்மா."

மகள் அவரையே பார்த்தாள். "அப்பா, நான் வந்து பதினொரு நாள் ஆச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்துல வந்து உட்கார்ந்தீங்களா?"

"கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தினா சுவர்ல இடிக்காது" என்றார். மகள் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தாய் எழுந்து வந்து, அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

கூடத்தில் டாக்டர் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். பாம்புக்காதர் அவர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர், உங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதானே கிடக்கு?"

டாக்டர் நிமிர்ந்தார். மூடிய கதவை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"இல்ல சார். எங்க வீட்டு ரூம்லயெல்லாம் ஆள் இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.