பரணுக்குள் போன புகை

துணிக்கடையில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். கெட்ட அர்த்தத்தில் இல்லை. சும்மா விலை கேட்க வந்தவரைக்கூட உட்காரவைத்து, பேசிப் பேசியே இரண்டு உருப்படி வாங்கவைத்துத்தான் அனுப்புவாள். முதலாளியே அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய காலம் உண்டு. அப்பேர்ப்பட்டவளை இப்போது பின்பக்கக் குடோனில் துணி மடிக்க உட்காரவைத்துவிட்டார்கள். காரணம், இருமல்.

"வர்றவங்க முகத்தைத் திருப்பிக்கிறாங்கம்மா. இருமல் நிக்கட்டும், மறுபடி முன்னாடி வந்து நில்லுங்க" என்றார் முதலாளி. மாதக்கணக்கில் ஆகியும் நின்றபாடில்லை. இப்படியே போனால் வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டும் என்று போன வாரம் சொல்லியும்விட்டார்.

புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகு பிடித்த இருமல் அது. காலையில் அடுப்பைப் பற்றவைத்ததுமே கண் எரியும், நெஞ்சை அடைக்கும், அப்புறம் நாளெல்லாம் லொக்கு லொக்குதான். சமையலறையில் சன்னல் இல்லாமல் இல்லை. இருக்கிறது, ஆனால் திறக்காது. தெருவிலிருந்து பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று ஒரே கண்ணாடியாக வைத்துப் பூசிவிட்டார்கள். எடுப்பாம் எடுப்பு! அடுப்புக்கு மேலே பளபளவென்று ஒரு சிம்னி. பட்டனைத் தட்டினால் விமானம் கிளம்புகிற சத்தம். இவ்வளவு சத்தம் போடுகிறதே, புகையை இழுக்காமலா இருக்கும் என்று அவளும் நம்பினாள், பாவம்.

அவள் கணவர் குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர். கட்டடத்தின் முகப்புதான் அவருக்கு உயிர். வெளியே துணி தொங்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, வெளிச்சுவரில் ஓட்டை போடவே கூடாது. எல்லாம் அவர் போட்ட சட்டம். மற்றபடி தங்கமான மனிதர். அவள் இருமினால் வெந்நீரோடு ஓடிவருவார், முதுகைத் தடவிக்கொடுப்பார். பார்க்காத டாக்டர் இல்லை.

ஆனால் ஒரு வாக்குவாதம் என்று வந்துவிட்டால்? நியாயமெல்லாம் அவள் பக்கம்தான் இருக்கும். பாதியில் இருமல் வந்து தொலைக்கும். "சரி சரி, அப்புறம் பேசிக்கலாம்" என்று அவர் பேப்பரை விரித்துக்கொள்வார். வாயால் பிழைத்த பெண்ணுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிம்னிக்குள் இருக்கிற பல்பு எரியவில்லை என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருந்தாள். அடுப்புக்கு மேலே பலகை அடித்து மூடியிருந்த பரணைத் திறந்த எலெக்ட்ரீஷியன், மூக்கைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார்.

"அம்மா, சிம்னிக் குழாய் வெளியவே போகலையே. பரணுக்குள்ளயே விட்டு வெச்சிருக்காங்க."

அவளே ஏணியில் ஏறிப் பார்த்தாள். குழாய் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. சுற்றிலும் பிசுக்கும் கரியும். அவள் இத்தனை நாள் வறுத்தது, பொரித்தது அத்தனையின் புகையும் மேலே போய், பலகை இடுக்கு வழியாக மறுபடி அவள் தலையிலேயே இறங்கியிருக்கிறது.

"என்னங்க, இங்க வாங்க! இந்தக் கூத்தைப் பாத்தீங்களா?"

அவர் வந்தார். அண்ணாந்து பார்த்தார். ஆச்சரியமே படவில்லை. அங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் மென்று விழுங்கினார். "எல்லா வீட்டுலயும் அப்படித்தாம்மா. வெளிச்சுவர்ல ஆளாளுக்கு ஓட்டை போட்டா முகப்பு என்னத்துக்கு ஆகும்? செக்ரட்டரி நானே சட்டத்தை மீறினா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?"

தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான் வெந்நீர் கொடுத்திருக்கிறார், தெரிந்துகொண்டேதான் முதுகைத் தடவியிருக்கிறார்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தாள். பாழாய்ப்போன இருமல் குறுக்கே வந்துவிட்டது. எலெக்ட்ரீஷியன் ஏணியை மடக்கிக்கொண்டு நைசாக நழுவினார். கணவர் வழக்கம்போல வெந்நீர் போடத் திரும்பினார்.

வெந்நீர் கொதிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. சிலிண்டர் தீர்ந்தால் ஆகும் என்று வைத்திருந்த சின்ன கேஸ் அடுப்பையும் ஒரு சட்டியையும் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கிவிட்டாள். கட்டட வாசலில் பளிங்குப் படி, இரண்டு பக்கமும் பூந்தொட்டி, எல்லாம் அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதன் நட்டநடுவில் அடுப்பை வைத்துக் காய்ந்த மிளகாயை வறுக்க ஆரம்பித்தாள். நெடி கிளம்பியது. கிளம்பி, அதுபாட்டுக்குக் காற்றோடு தெருப்பக்கம் போய்விட்டது.

கீழ்வீட்டுப் பெண் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, வாசல்ல வந்து?"

"உன் வீட்டுச் சிம்னிக் குழாய் எங்க போகுதுன்னு பரணைத் திறந்து பாத்துட்டு வா. அப்புறம் என்னைக் கேளு."

போனவள் திரும்பிவர நேரமாயிற்று. கையெல்லாம் பிசுக்கு. அடுப்புக்குப் பக்கத்தில் தன் வாணலியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் படியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "குழந்தைக்கு ராத்திரியெல்லாம் இழுப்புக்கா. பூனை முடியா இருக்கும்னாங்க. பாவி நான், வளத்த பூனையைக் கொண்டுபோய் எங்கயோ விட்டுட்டு வந்தேனே!" என்று அழுதாள்.

அதற்குள் எதிர்க்கடையில் நின்றவர்கள், தெருவில் போனவர்கள் என்று சின்னக் கும்பல் சேர்ந்துவிட்டது. கணவர் மூச்சிரைக்கப் படியிறங்கி வந்தார். நெடியில் ஒரு தும்மல் போட்டார். குரலைத் தாழ்த்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

"உள்ள வா. ரோட்டுல போறவங்கல்லாம் பாக்குறாங்க. மானம் போகுது."

அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. மிளகாயைக் கிளறிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். இருமல் வரவில்லை.

"பாக்கட்டும்ங்க. உள்ள நான் மூச்சுக்குத் தவிச்சப்போ பக்கத்துல நின்னு பாத்தவர் நீங்க ஒருத்தர்தான். நீங்க பாத்து என்ன ஆச்சு?"