நீல லைற் எரியுதுதானே?

அரங்கத்தின் பின்வாசல் சிமெண்ட் படியில் உட்கார்ந்து, புது ஷூவை ஓங்கி ஓங்கி அடிக்கிறாள் தர்ஷனா. ஓர் அடி. பிறகு ஷூவைக் காதருகே கொண்டுபோய் அதன் நுனியை நகத்தால் தட்டிக் கேட்கிறாள், தர்பூசணி வாங்குகிறவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல. திருப்தியில்லை. மறுபடியும் அடி.

நுனிவிரலில் நிற்பதற்கான பாலே ஷூ அது. வெளியே ரோஜா நிறப் பட்டு. உள்ளே, விரல்கள் இருக்கும் இடத்தில், பசையில் இறுகிய துணியும் காகிதமும். கடையிலிருந்து வந்தபடியே போட்டுக்கொண்டு ஆடினால் மேடையில் குதிரை நடக்கிற சத்தம் வரும். ஆகவே பாலே ஆடுகிறவர்கள் எல்லோருமே புது ஷூவை முதலில் கொஞ்சம் கொல்கிறார்கள். மிதிக்கிறார்கள், கதவிடுக்கில் வைத்து நசுக்குகிறார்கள், சுவரில் அறைகிறார்கள். சத்தம் அடங்கியதும் மற்றவர்கள் நிறுத்திவிடுவார்கள். தர்ஷனா நிறுத்துவதில்லை.

"போதுமே, பிஞ்சிடப் போகுது" என்றேன் ஒருநாள்.

"சத்தம் இன்னும் உள்ளுக்க இருக்கண்ணா. உங்களுக்குக் கேக்காது. எனக்குக் கேக்குது."

சிட்னியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாலே படிப்பின் கடைசி ஆண்டு மாணவி. செவன் ஹில்ஸில் வீடு. படிப்பு முடிகிற ஆண்டில் ஒவ்வொருவரும் ஒரு நடனத்தைத் தானே உருவாக்கி, தானும் அதில் ஆடி, வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் முன் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். அந்த அரங்கத்தில் விளக்குகளை இயக்குகிற வேலை எனக்கு. அதனால் எனக்கு அவள் வைத்திருக்கும் பெயர் 'லைற் அண்ணா'. நான் பேசும் தமிழ்நாட்டுத் தமிழ் அவளுக்கு வேடிக்கை. "நீங்கள் கதைச்சால் ரிவி சீரியல் பாக்கிற மாதிரியே இருக்கு" என்பாள். என் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும் மெல்லிய கவிதைப் புத்தகத்தையும் விடமாட்டாள். "அந்தப் புத்தகத்தை மூடிப்போட்டு என்ர லைற்றைப் பாருங்கோ, ப்ளீஸ்."

அவளுடைய லைற் என்றால் நெல்லிக்காய் அளவுள்ள ஒரு நீல விளக்கு. பார்வையாளர் பகுதியின் பின்சுவரில், நட்டநடுவில், நெஞ்சுயரத்தில், என் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு நேர் கீழே இருக்கிறது. சுழலும்போது தலை சுற்றாமலிருக்க ஆடுகிறவர்கள் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். உடல் திரும்பும், தலை கடைசிவரை அந்த இடத்திலேயே நிற்கும், பிறகு சட்டென்று உடலை முந்திக்கொண்டு அங்கேயே திரும்பி வந்துவிடும். ஆனால் மேடை விளக்குகள் கண்ணில் அடிக்கும்போது எதிரே ஒன்றும் தெரியாது. ஆட்கள், நாற்காலிகள், சுவர் எல்லாம் சேர்ந்து ஒரே கறுப்பு. அந்தச் சுவரே கறுப்புதான். பழைய சாயம், சாய்ந்தால் கரிபோல முதுகில் ஒட்டிக்கொள்ளும், என் சட்டை ஒன்று அப்படிப் போயிருக்கிறது. அந்தக் கறுப்பில் பிடித்துக்கொள்ள ஆடுகிறவர்களுக்கு இருப்பது அந்த நீலப் புள்ளி மட்டும்.

ஒவ்வோர் ஒத்திகைக்கு முன்பும் மேடையில் ஏறி, கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக்கொண்டு கத்துவாள்: "லைற் அண்ணா! நீல லைற் எரியுதுதானே?"

"எரியுது."

"ஷுவர்?"

"நீங்களே பாருங்க, தெரியுதுல்ல?"

"தெரியுது. எண்டாலும் நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ."

பயம் வந்தால் தர்ஷனாவுக்குக் கொட்டாவி வரும். நடுங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், கழிப்பறைக்கு ஓடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவளுக்கு வாய் அகலத் திறந்து, கண்ணில் நீர் முட்டி, நிதானமான பெரிய கொட்டாவி. முதலாம் ஆண்டில் ஆசிரியை ஒருவர் "என் வகுப்பு உன்னைத் தூங்கவைக்கிறதா?" என்று வெளியே அனுப்பியிருக்கிறார். "அண்டைக்குத்தான் நான் லைஃப்லயே ஆகக் கூடப் பயந்தது. அவவுக்கு அது விளங்கேல்ல" என்றாள். ஷூவின் பட்டு நாடாவைத் தைப்பது நூலால் அல்ல, பல்லிடுக்கைச் சுத்தம் செய்கிற இழையால். நூல் அறுந்துவிடுமாம். தைத்த பிறகு பல்லால் கடித்து இழுத்துப் பார்ப்பாள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்து இழுக்கச் சொல்வாள். பிறகு, நம்பாமல், தானே இன்னொருமுறை.

இப்படி எதையும் நம்பாததற்குக் காரணம் சென்ற ஆண்டு நடந்த ஒன்று. மாணவர்களின் நிகழ்ச்சியில் இடப்பக்கமாகச் சுழன்றவள் நிலைதவறி விழுந்தாள். பாலேயில் விழுவது பெரிய செய்தியில்லை, எல்லோரும் விழுந்திருக்கிறார்கள். ஆனால் அவள் விழுந்த கணத்தில் அந்த அமைதியான அரங்கத்தின் நடுவரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஐயோ, என்ர பிள்ளை!" அதை நானும் கேட்டேன். அப்படி ஒரு குரலைப் பாலே அரங்கத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். எல்லாத் தலைகளும் மேடையை விட்டுவிட்டு அந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தன.

"விழுந்தது பிரச்சினை இல்லையண்ணா. எழும்பி ஆடினனான்தானே. அந்தச் சத்தம்தான். இடப்பக்கம் திரும்ப வெளிக்கிட்டாலே, இப்ப வரப்போகுது, இப்ப வரப்போகுது எண்டு காது பாத்துக்கொண்டு நிக்கும்."

அவளுடைய அம்மா விமலாதேவி உறைந்த உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அன்றிலிருந்து அவர் அரங்கத்துக்குள் வருவதில்லை. மகளைக் காரில் கொண்டுவந்து இறக்குவார், நிகழ்ச்சி முடியும்வரை கார் தரிப்பிடத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஒருமுறை, "உள்ளே வாங்க ஆன்ட்டி, குளிருது" என்று கூப்பிட்டேன். "இல்லைத் தம்பி, நான் காரிலையே இருக்கிறன். என்ர வாயை எனக்கே நம்பேலாது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கை மட்டும் ஸ்டியரிங்கை விடவில்லை.

தர்ஷனா பட்டத்துக்காக உருவாக்கிய நடனம் ஒரு கார் தரிப்பிடத்தைப் பற்றியது. மேடை நடுவில் ஒரு நாற்காலி. அதில், காருக்குள் இருப்பதுபோல, ஒருத்தி காத்திருக்கிறாள், தர்ஷனாதான் அது. சுற்றிலும் வகுப்புத் தோழிகள் கார்களாக வந்து நிற்பதும் போவதுமாக இருக்கிறார்கள். ("ஹானா ஒரு பழைய டொயோட்டா. அவவுக்கு அதில சரியான கோவம். பி.எம்.டபிள்யூ வேணுமாம்.") கடைசியில் எல்லாக் கார்களும் போய்விடும், இசையும் நின்றுவிடும். காத்திருந்தவள் எழுந்து, இல்லாத கதவைத் திறந்து வெளியே வருவாள். அத்துடன் முடிவு.

"யாரைப் பத்தினு அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாவோ? சும்மா ஏதோ டான்ஸ் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ."

அந்த நடனத்தில் இடப்பக்கச் சுழற்சி ஒன்றுகூட இல்லை என்பதை முதல் ஒத்திகையிலேயே நான் பார்த்துவிட்டேன். மேலே உட்கார்ந்து பார்ப்பவனுக்கு அது தெரியும். வலமாக, வலமாக, எல்லாமே வலமாக, திருகாணி இறங்குவதுபோல. நான் சொல்லவில்லை. அவளுடைய ஆசிரியை சொன்னார். தேர்வுக்குச் சில நாட்கள் முன்பு மேடையருகே வந்து, அன்பாகத்தான் சொன்னார்: "அந்தப் பெண் காரிலிருந்து இறங்கும் இடம் இன்னும் சரியாக வரவில்லை. ஏன் என்று உனக்கே தெரியும். அதை இடப்பக்கமாகச் சுழன்று இறங்கு. இல்லாவிட்டால் தேர்வாளர்களுக்குப் பாதி வேலைதான் தெரியும்."

தர்ஷனா தலையாட்டிவிட்டுக் கொட்டாவி விட்டாள்.

அடுத்து வந்த ஒத்திகைகளில் அந்த இடத்துக்கு வந்ததும் எழுவாள், கதவைத் திறப்பாள், நுனிவிரலில் நிமிர்வாள், என் ஜன்னலுக்குக் கீழே பார்ப்பாள். பிறகு குதிகாலைத் தரையில் இறக்கிவிடுவாள். "ஸொறி, இன்னொருக்கா." மறுபடி எழுவாள், இறக்குவாள். ஹானா பக்கத் திரைக்குள்ளிருந்து "நீ இறங்காவிட்டால் நான் வந்து காரை இழுத்துக்கொண்டு போய்விடுவேன்" என்று ஆங்கிலத்தில் கத்துவாள். எல்லோரும் சிரிப்பார்கள், தர்ஷனாவும் சிரிப்பாள். ஒரு தடவைகூட அவள் இடப்பக்கம் சுழன்று நான் பார்க்கவில்லை.

தேர்வு நாள் மாலை, படியில் ஷூ அடிபடும் சத்தம் வழக்கத்தைவிட நீண்டது. மேடைக்கு வந்து புருவத்தில் கைவைத்தாள்.

"லைற் அண்ணா! எரியுதுதானே?"

"எரியுது."

"இண்டைக்கு அதைப் பிடிச்சுக்கொண்டுதான் திரும்பப் போறன். ஓஃப் பண்ணிப்போடாதேங்கோ, சரியோ? லிற்றரலி அதில தொங்கிக்கொண்டுதான்."

அவளுடையதற்கு முந்தைய நடனம் முடிந்து கைதட்டல் எழுந்தபோது பார்வையாளர் பகுதியின் பின்கதவு திறந்தது. தாமதமாக வருபவர்களை அந்த இடைவெளியில்தான் உள்ளே விடுவார்கள், பின்சுவர் ஓரமாக நிற்கவைப்பார்கள். ஒரே ஒருவர் வந்தார். வெள்ளைக் கம்பளிக் கார்டிகன், கழுத்தோடு இறுக்கிய கொண்டை. கண்ணாடி வழியே குனிந்து பார்த்தேன். விமலாதேவி. இருட்டில் தடவித் தடவி வந்து, சுவரின் நடுப்பகுதியில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். கடைசி வரிசை நாற்காலிகளின் விளிம்பில் எப்போதும் படிந்திருக்கும் மெல்லிய நீலம் அணைந்துபோயிற்று.

கீழே ஓடிப்போய்ச் சொல்ல முடியாது. விளக்குகளை இயக்கும் பலகையை விட்டு எழுந்தால் அடுத்த நடனத்துக்கு மேடை இருண்டே கிடக்கும். காதில் மாட்டிய கருவியில் மேடை மேலாளரிடம் சொல்ல வாயெடுத்தேன். "விளக்கு மாற்றம், தயார்" என்று அவர் குரல் முந்திக்கொண்டது. பொத்தானை அழுத்தினேன். மேடையில், நாற்காலியில், தர்ஷனா தெரிந்தாள்.

கார்கள் வந்தன, போயின, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு மாற்றம், நடுவில் பேச இடமில்லை. வலப்பக்கச் சுழற்சிகளுக்கு அவளுக்கு விளக்கு தேவைப்படுவதில்லை, உடம்பே செய்துவிடும். டொயோட்டா கடைசியாக வெளியேறியது. இசை நின்றது. முந்நூறு பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

எழுந்தாள். கதவைத் திறந்தாள். நிமிர்ந்து, எதிரே பார்த்தாள்.

அவள் கண்கள் தேடுவதை மேலிருந்து பார்த்தேன். நடுவில், கொஞ்சம் இடமாக, கொஞ்சம் வலமாக, திரும்ப நடுவில். அங்கே ஒன்றுமில்லை. அப்போது அவள் வாய் மெல்லத் திறந்தது. மேடையில், தேர்வாளர்களுக்கு முன்னால், பெரிய, நிதானமான கொட்டாவி. பார்வையாளர்கள் மத்தியில் இளஞ்சிரிப்பு ஓடியது. காத்திருந்து அலுத்த பெண்ணின் கொட்டாவி, எவ்வளவு பொருத்தம் என்று நினைத்திருப்பார்கள். குதிகால் இறங்கப்போகிறது என்று நினைத்தேன்.

கண்களை மூடிக்கொண்டாள். பாலேயில் யாரும் செய்யாத காரியம். மூடிய கண்களோடு இடப்பக்கம் சுழன்றாள்.

நல்ல சுழற்சி இல்லை. இடுப்பு விலகியது, ஒரு கணம் உடல் முழுவதும் ஒரு பக்கமாகச் சரிந்தது. என் ஜன்னலுக்குக் கீழே இரண்டு கைகள் விருட்டென்று மேலே எழுந்து ஒரு வாயைப் பொத்தின, ஒன்றின்மேல் ஒன்றாக, அழுத்தமாக. மேடையில் தர்ஷனாவின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது. நாற்காலி கொஞ்சம் நகர்ந்து கிறீச்சிட்டது. அரங்கத்தில் கேட்ட ஒரே சத்தம் அதுதான். அவள் கண்ணைத் திறந்து, நாற்காலியை விட்டுவிட்டு, நடந்து வெளியே போனாள். நான் மேடையை இருளாக்கினேன். கைதட்டல் வந்தபோது பின்கதவு திறந்து மூடியது.

எல்லாம் முடிந்து நான் பின்வாசலுக்கு வந்தபோது படியில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். முடிச்சு விரலுக்குப் பிடிபடவில்லை.

"ஏனண்ணா ஓஃப் பண்ணினீங்கள்?"

"நான் பண்ணலை. எரிஞ்சுட்டுத்தான் இருந்துச்சு. லேட்டா வந்தவங்க ஒருத்தர் முன்னாடி நின்னுட்டாங்க."

"ஆர்?"

அதற்குள் தரிப்பிடப் பக்கமிருந்து விமலாதேவி வந்தார்.

"முடிஞ்சுதோ பிள்ளை? நான் காரிலையே கொஞ்சம் நித்திரையாப் போட்டன். எப்பிடிப் போச்சுது?" கேட்டுக்கொண்டே குனிந்து மகளின் பையைத் தூக்கினார். "ரிசல்ட் எப்பவாம்? பசிக்கேல்லையோ? குளிருது, கெதியா வா."

பையைத் தோளில் மாட்டித் திரும்பினார். வெள்ளைக் கார்டிகனின் முதுகு முழுக்கக் கரி அப்பியிருந்தது. நடுவில், நெல்லிக்காய் அளவுக்கு, ஒரு வட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

தர்ஷனா ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் வெறும் பாதமுமாக எழுந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. கையை உயர்த்தி அம்மாவின் முதுகிலிருந்த கரியை ஒருமுறை தட்டினாள், இன்னொருமுறை தட்டினாள். பிறகு அந்த வெள்ளை வட்டத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அதை எடுக்காமலே, நொண்டி நொண்டி, அவர் பின்னால் காருக்கு நடந்தாள்.